வேங்கடத்தின் அடியில் கிரேக்கமும் உரோமும்: சித்தூர், திருப்பதிப் பகுதிக் கல்லூரிக் கல்வியில் தொன்மை மேலைநாகரிகப் பாடம்

முன்னுரை

தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாகத் தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் வேங்கடத்தைச் சுட்டுகிறது. அம்மலையின் அடிவாரத்திலும் அதற்குத் தெற்கே சித்தூர் வரையிலும் வாழ்ந்த குடும்பங்களிலிருந்து கல்லூரிப் படிப்பை நாடிச் சென்ற இளைஞர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், ஏதென்சு நகர மக்களவையையும் உரோமின் செனட்டையும் பற்றி எழுதித் தேர்வு பெற வேண்டியிருந்தது. வீட்டில் அவர்கள் பேசியது தமிழ் அல்லது தெலுங்கு. சிலர் இரண்டும் பேசினர். வகுப்பறை மொழி ஆங்கிலம். கற்ற பொருளோ, அவர்களுள் எவரும் கண்டிராத மத்தியதரைக் கடற்கரை நகரங்களின் கதை. இப்பாடம் இங்கு எவ்வாறு வந்தது, யாரிடம் என்ன விளைவை உண்டாக்கியது, பின்னர் எவ்வாறு தேய்ந்தது என்பனவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தேய்ந்துபோன ஒரு பாடத்தைப் பற்றி இன்று எழுதுவதேன் என்ற வினா எழலாம். அப்பாடத்தோடு சேர்த்துத் தமிழ் மாணவர்க்கு உரிய ஒன்றும் கைநழுவிப் போயிற்று என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. அது யாது என்பது கட்டுரையின் போக்கில் புலப்படும்.

நில எல்லை பற்றி ஒரு குறிப்பு இங்குத் தேவையாகிறது. சித்தூர் நகரம் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. அவ்வாண்டில் சித்தூர் தனி மாவட்டமாக்கப்பட, வட ஆர்க்காட்டின் தலைநகரம் வேலூருக்கு மாறியது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சேர்ந்தது. ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்திற்குத் திரும்பியது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆகவே கீழ்வரும் செய்திகளில் வேலூரும் திருத்தணியும் இடம்பெறுவது பொருள் விலகல் ஆகாது. ஒரு காலத்தில் அவையெல்லாம் ஒரே மாவட்டத்து ஊர்கள்.

பாடத்தின் பெயர்

'மேலைநாகரிகம்' என்ற பெயரில் கல்லூரியின் முதலாண்டு மாணவர்க்கு அறிமுகப் பாடம் நடத்தும் மரபு அமெரிக்காவில் வேரூன்றியது. முதல் உலகப்போர் முடிந்த பின், 1919இல் நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் தொடங்கிய 'சமகால நாகரிகம்' என்னும் பாடத்தை அம்மரபின் ஊற்றுக்கண்ணாகக் கொள்வர். பின்னர் பல கல்லூரிகளில் பரவிய வடிவில் அப்பாடம் மெசொப்பொத்தேமியாவில் தொடங்கி, எகிப்து, எபிரேயர், கிரேக்கம், உரோம் என நகர்ந்து இடைக்கால ஐரோப்பாவில் வந்து சேரும். யூப்பிரட்டீசு ஆற்றங்கரையும் நைல் கரையும் எப்படி 'மேற்கு' ஆயின என்ற கேள்வியைக் கேட்காமலேயே பாடம் தொடங்கிவிடும். அக்கேள்வியை உரத்துக் கேட்டவர் மார்ட்டின் பெர்னால். 1987இல் வெளிவரத் தொடங்கிய 'கறுப்பு ஏதெனா' என்னும் அவருடைய நூல்வரிசை, கிரேக்கத்தை ஆசிய ஆப்பிரிக்க உறவுகளிலிருந்து துண்டித்துக் காட்டிய வரலாற்றெழுத்தைக் குற்றஞ்சாட்டியது. அவருடைய சான்றுகள் பலவற்றை அறிஞர்கள் மறுத்தனர். எனினும் கேள்வி நிலைத்துவிட்டது.

சென்னை மாகாணத்திற்கு வந்தது இவ்வமெரிக்க வடிவமன்று. இங்கிலாந்துக் கல்வி மரபில் 'பண்டைய வரலாறு' என்றாலே கிரேக்க, உரோம வரலாறு என்றுதான் பொருள். ஏனைய நாடுகளுக்குப் பண்டு இல்லை என்பது போன்ற அப்பெயரிலேயே ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது. மெக்காலே தம் 1835ஆம் ஆண்டுக் குறிப்பில், பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலேயர்க்குக் கிரேக்கமும் இலத்தீனும் எத்தகையனவோ, இந்தியர்க்கு ஆங்கிலம் அத்தகையது என்று வாதிட்டார். அந்த ஒப்புமையின்படி இந்திய மாணவனின் பழமை இந்தியாவில் இல்லை. ஆங்கிலத்தின் வழியே அவன் சென்றடைய வேண்டிய ஏதென்சிலும் உரோமிலும் இருக்கிறது. 1855இல் இலண்டனில் நடந்த இந்தியக் குடிமைப்பணித் தேர்வில் கிரேக்கத்திற்கு 750, இலத்தீனுக்கு 750 மதிப்பெண்கள் ஒதுக்கப்பட்டன. வடமொழிக்கும் அரபுக்கும் தனித்தனியே 375 மட்டுமே. இந்தியாவை ஆளவரும் ஒருவனுக்கு வடமொழியைவிடக் கிரேக்கம் இருமடங்கு பயன்படும் என்பது இக்கணக்கின் பொருள். தமிழ் அக்கணக்கிலேயே இல்லை.

எஃப்.ஏ. வகுப்பு

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. மெட்ரிகுலேசன் தேறியவர் எஃப்.ஏ. எனப்பட்ட முதற்கலைத் தேர்வை எழுதியே பி.ஏ. வகுப்புக்குச் செல்ல இயலும். இவ்விடைப்படியில்தான் கிரேக்க, உரோம வரலாறு வைக்கப்பட்டிருந்தது. பொதுப்படிப்பின் பகுதியாக அது இருந்தமையால் மாணவரின் விருப்பம் அங்குக் கேட்கப்படவில்லை. இதற்கு நன்கறியப்பட்ட சான்று கணிதமேதை இராமானுஜன். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்த அவர் ஆங்கிலம், கணிதம், உடலியல், வடமொழி ஆகியவற்றோடு கிரேக்க, உரோம வரலாற்றையும் படிக்க வேண்டியிருந்தது. கணிதம் தவிர்த்த பாடங்களில் கவனம் செலுத்தாமையால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் அத்தேர்வில் தேறவில்லை. அவரைத் தடுத்தது உரோம வரலாறுதான் என்று சொல்வது மிகையாகும். ஆங்கிலமும் உடலியலுமே பெருந்தடைகள். எனினும் ஒரு தேர்வுமுறையின் இயல்பை அறிய அவர் வரலாறு உதவுகிறது. காவிரிக்கரையில் நடந்தது பாலாற்றங்கரையிலும் நடந்தது. பல்கலைக்கழகம் ஒன்று, வினாத்தாளும் ஒன்று.

அன்று திருப்பதியில் கலைக்கல்லூரி இல்லை. உயர்நிலைப்பள்ளி முடித்தவர் வேலூருக்கோ சென்னைக்கோ சென்றாக வேண்டும். திருப்பதியிலிருந்து பாகாலா, சித்தூர், காட்பாடி வழியே செல்லும் மீட்டர்பாதை இரயில் அவர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது. வேலூரில் அமெரிக்க ஆர்க்காடு மிஷன் நடத்திய ஊரிசுக் கல்லூரி இருந்தது. இப்பாதையில் சென்ற மாணவருள் ஒருவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன்.

மூவர்

இராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் பிறந்தார். 1896இல் திருப்பதிக்கு அனுப்பப்பட்டு அங்கு ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்தார். பின் வேலூர் ஊரிசுக் கல்லூரி. அதன்பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. அவர் எஃப்.ஏ. படித்த ஆண்டுகளில் கிரேக்க, உரோம வரலாறு பாடத்திட்டத்தில் இருந்தமையால், பிளேட்டோவின் நாட்டைப் பற்றிய முதல் முறையான அறிவு அவருக்கு அவ்வகுப்பிலேயே கிடைத்திருக்கும் என்று உய்த்துணரலாம். மிஷன் ஆசிரியர்கள் இந்து சமயத்தின்மீது வைத்த திறனாய்வு தம்மைக் கலக்கியது என்றும், அதுவே தம்மை இந்திய மெய்யியலின்பால் செலுத்தியது என்றும் அவர் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியுள்ளார். 1936இல் ஆக்சுபோர்டில் கீழைச் சமயங்களுக்கான ஸ்பால்டிங் பேராசிரியரானார். 1939இல் வெளிவந்த 'கீழைச் சமயங்களும் மேலைச் சிந்தனையும்' என்னும் நூலில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் குறிப்பிடத்தக்கது: கிரேக்கச் சிந்தனையிலேயே இந்தியாவின் சாயல் உண்டு என்பது. பித்தகோரசு, ஓர்பியசு நெறி, பிளேட்டோ, புதுப்பிளேட்டோனியர் ஆகியோரை அவ்வகையில் அவர் விளக்கினார்.

கிரேக்கம் எல்லாவற்றிற்கும் தொடக்கம் என்று கற்பிக்கப்பட்ட மாணவர் ஒருவர், அத்தொடக்கத்திற்கும் முன்னொரு தொடக்கம் கீழ்த்திசையில் உண்டு என்று ஆங்கிலேயரின் ஆக்சுபோர்டிலேயே விடையளித்ததாக இதைக் கொள்ளலாம். விடை முழுவதும் நிறுவப்பட்டதா என்பது வேறு. ஒப்புமை இருக்குமிடமெல்லாம் கடன் இருக்க வேண்டும் என்பதில்லை. பித்தகோரசின் மறுபிறப்புக் கொள்கை இந்தியாவிலிருந்து சென்றது என்பதற்கு நேரடிச் சான்று கிடைக்கவில்லை. அவ்விடையின் வடிவத்தைப் பாடமே தீர்மானித்துவிட்டது என்பதைத்தான் இங்குக் கருத வேண்டும். 'யார் முதல்?' என்று பாடம் கேட்டது. அவரும் 'யார் முதல்?' என்பதற்கே விடை சொன்னார்.

இரண்டாமவர் கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டி. 1880இல் சித்தூர் நகரை அடுத்த கட்டமஞ்சியில் பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, அரசு உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் செயிண்ட் ஜான்ஸ் கல்லூரிக்குச் சென்று வரலாறு படித்தார். தாயகம் திரும்பி முதலில் பணியாற்றிய இடம் பரோடாக் கல்லூரி. அங்கு அரவிந்தர் விட்டுச்சென்ற பணியிடத்திற்கே அவர் வந்தார். அரவிந்தர் கேம்பிரிட்ஜில் கிரேக்கமும் இலத்தீனும் மூலமொழியிலேயே கற்றுத் தேர்ந்தவர் என்பதை நினைவுகூர்ந்தால், அக்காலக் கல்வியில் அம்மொழிகளின் செல்வாக்கு விளங்கும். பின்னர் ரெட்டி மைசூர் மகாராசாக் கல்லூரியில் பணியாற்றி, 1926இல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார்.

ரெட்டியின் பாதை இராதாகிருஷ்ணனின் பாதையினின்று வேறுபட்டது. முதன்மை யாருக்கு என்ற வழக்கில் அவர் இறங்கவில்லை. மேலைக் கல்வியிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது முறையியல். 1914இல் வெளிவந்த 'கவித்துவ தத்துவ விசாரமு' என்னும் தெலுங்கு நூலில், பிங்களி சூரனாவின் 'களாபூர்ணோதயமு' காப்பியத்தைக் கதைக்கட்டமைப்பு, பாத்திரப்படைப்பு போன்ற அளவுகோல்களால் ஆராய்ந்தார். அணியிலக்கண மரபு வழி நின்ற புலவர்கள் சினந்தனர். தெலுங்குத் திறனாய்வின் திருப்புமுனையாக அந்நூலைக் கருதுவோர் பலர். சூரனாவைக் குறைக்கும் நோக்கம் அவருக்கு இல்லை; தம் மொழியின் காப்பியத்தைப் பிறமொழி மாணவர் ஒருவர் படித்தாலும் எத்தகைய கேள்விகள் எழுமோ அவற்றை எழுப்பினார். சித்தூர் மண்ணிலிருந்து சென்று வரலாறு பயின்ற ஒருவரிடம் அக்கல்வி தந்த நற்பயனாக இதனைக் கொள்வதில் இக்கட்டுரையாளருக்குத் தயக்கமில்லை.

மூன்றாமவர் கல்லூரிப் பட்டம் பெறாதவர். ஆயினும் தமிழுக்கு அவர் செய்த பணி முன்னிருவர் செய்யாதது. வெ. சாமிநாத சர்மா 1895இல் வட ஆர்க்காடு மாவட்டம் வெங்களத்தூரில் பிறந்தார். அம்மாவட்டத்திற்கு அப்போது தலைநகர் சித்தூர் என்பதை மேலே கண்டோம். இதழாளராக வாழ்ந்து, இரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்தி, 1942இல் போரின் காரணமாகப் பர்மாவிலிருந்து நடைபயணமாகத் திரும்பியவர். பிளேட்டோவின் 'குடியரசை'த் தமிழாக்கினார். 'கிரீஸ் வாழ்ந்த வரலாறு' எழுதினார். கல்லூரி வாசலை மிதிக்காத தமிழர் பலருக்குச் சாக்ரடீசையும் பெரிக்ளீசையும் அறிமுகப்படுத்தியவர் அவரே. நூல்நிலையங்களில் அட்டை கிழிந்து, பக்கம் மடிந்து கிடக்கும் அவர் நூல்கள் எத்தனை கைகள் மாறின என்பதற்குச் சான்று. எஃப்.ஏ. வகுப்பு மாணவன் கிரேக்க வரலாற்றை மதிப்பெண்ணுக்காக ஆங்கிலத்தில் உருப்போட்டான். சர்மாவின் வாசகனோ ஒரு நகரம் எவ்வாறு தன்னைத்தானே ஆண்டது என்பதை அறிய விரும்பித் தமிழில் படித்தான். விடுதலைப் போராட்டக் காலத்தில் அவ்விருப்பத்திற்கு இருந்த பொருள் வேறு.

1945

திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பொறுப்பில் ஸ்ரீ வேங்கடேசுவரா கலைக்கல்லூரி திருப்பதியில் 1945இல் தொடங்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்ற அக்கல்லூரியால், உள்ளூர் மாணவர் இரயிலேறாமலேயே பட்டம் படிக்கும் நிலை உருவாயிற்று. இதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1915இல், அன்னி பெசண்ட் அம்மையார் மதனப்பள்ளியில் பிரம்மஞானக் கல்லூரியை நிறுவியிருந்தார்; எனினும் கீழ்ப்பகுதியினருக்கு அது தொலைவு.

அதே 1945இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆனால் வரலாற்று மாணவருக்கு இவ்வுடனிகழ்வு சிந்தனைக்குரியது. இத்தாலியில் வனையப்பட்ட சிவப்பு மெருகுக் கலன்களின் உடைசல்கள் அரிக்கமேட்டில் கிடைத்தன. அவை இன்ன காலத்தவை என்பது ஐரோப்பிய அகழாய்வுகளால் முன்பே தெளிவாகியிருந்தது. அவற்றோடு ஒரே அடுக்கில் கிடைத்த உள்நாட்டுக் கலன்களுக்கும் அவ்வழியே காலம் குறிக்கப்பட்டது. அதைக் கொண்டு தென்னாட்டின் ஏனைய தொல்லிடங்கட்கும் கால அட்டவணை வகுக்கப்பட்டது. நம் பானைகளின் வயதை உரோமின் பானை சொல்லிற்று. இது நன்கு அமைந்த அறிவியல் முறையே. ஆயினும் அதன் பக்கவிளைவாக, அரிக்கமேடு உரோமர் வரவால் உண்டான ஊர் என்ற எண்ணம் பரவியது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மீண்டும் அகழ்ந்து ஆராய்ந்தபோது, மேலைக்கடல் வணிகத்திற்கு முன்னரே அங்குக் குடியிருப்பு இருந்தமை தெளிவாயிற்று. வந்தவர்கள் ஊரை உண்டாக்கவில்லை. இருந்த ஊருக்கு வந்தார்கள்.

திருப்பதிக்கு அண்மையிலேயே இத்தகைய கேள்விக்கு இடமுண்டு. இரேணிகுண்டாவை அடுத்த குடிமல்லத்துச் சிவலிங்கத்தை டி.ஏ. கோபிநாத ராவ் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆய்வுலகிற்கு அறிமுகப்படுத்தினார். அதனைக் கி.மு. இரண்டு அல்லது முதல் நூற்றாண்டினது என்போர் பலர். பிற்பட்டது என்பாரும் உளர். பெரும்பான்மையோர் கருத்துப்படி பார்த்தால், உரோமில் குடியரசு குலைந்துகொண்டிருந்த காலத்தில் சுவர்ணமுகி ஆற்றங்கரையில் ஒரு சிற்பி கல்லில் மனித உருவைச் செதுக்கிக்கொண்டிருந்தான். கிராக்கசு உடன்பிறந்தாரின் நிலச்சீர்திருத்தத்தைப் பற்றி எழுதிய மாணவர் எத்தனை பேர் குடிமல்லத்தைக் காலவரிசையில் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பர்? பாடம் அதைக் கேட்கவில்லை. கேளாததை மாணவர் எழுதுவதில்லை.

மொழியும் பாடநூலும்

ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் 1954இல் திருப்பதியில் நிறுவப்பட்டது. சென்னையோடு இருந்த கல்வித்தொடர்பு அத்துடன் அறுபட்டது. எஃப்.ஏ. வகுப்பு அதற்கு நெடுங்காலம் முன்னரே இண்டர்மீடியட்டாக மாறியிருந்தது. நாடு விடுதலை பெற்ற பின் வரலாற்றுப் பாடத்திட்டங்களில் இந்திய வரலாறு முதலிடம் பெற்றது இயல்பே. ஐரோப்பா இடம்பெற்றபோதும் அது பெரும்பாலும் பிரெஞ்சுப் புரட்சியை ஒட்டிய காலத்திலிருந்து தொடங்கியது. கிரேக்கமும் உரோமும் உலக நாகரிகங்கள் பற்றிய தாளில் சில பக்கங்களாகச் சுருங்கின. இதைக் குறையாக மட்டும் கூறவியலாது. தன் ஊரின் பல்லவரையும் பாணரையும் அறியாது பெலபொன்னீசியப் போரின் ஆண்டுகளை ஒப்பித்த தலைமுறையின் நிலை பெருமைக்குரியதன்று.

பயிற்றுமொழி மாற்றம் மற்றொரு திருப்பம். தமிழகத்தில் 1960களில் கல்லூரித் தமிழ்வழிக் கல்வி தொடங்கியபோது, தமிழ் வெளியீட்டுக் கழகமும் பின்னர்த் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் வரலாற்று நூல்களைத் தமிழில் கொணர்ந்தன. ஆந்திரத்தில் 1968இல் தெலுங்கு அகாதமி நிறுவப்பட்டு அதே பணியைத் தெலுங்கில் செய்தது. இரண்டும் பாராட்டத்தக்க முயற்சிகள். ஆனால் எல்லைக்கோடு வகுக்கப்பட்ட பின் அதன் வடபக்கம் நின்றுவிட்ட தமிழ் மாணவருக்கு இவ்விரண்டில் எது உரியது? அவர் படித்தது தெலுங்கு அகாதமி நூலை, அல்லது ஆங்கில நூலை. அவருக்காக எழுதப்பட்ட தமிழ் நூல் அரக்கோணத்தில் விற்றது. அவர் எழுதிய தேர்வுக்கு அது பயன்படவில்லை.

இக்கட்டுரையாளரும் அத்தகைய குடும்பத்தில் பிறந்தவரே. பட்டப்படிப்பின்போது உரோமப் பேரரசின் வணிகம் பற்றிய வகுப்பில், மிளகு எங்கிருந்து சென்றது என்ற பேச்சு வந்தது. 'கீழை நாடுகளிலிருந்து' என்று ஆசிரியர் குறிப்புத் தந்தார். பாட்டனாரிடம் சங்கப் பாடல்களுக்குப் பொருள் கேட்டு வளர்ந்த மாணவர் ஒருவர் எழுந்து, முசிறித் துறைக்கு யவனர் பொன்னொடு வந்து கறியொடு பெயர்ந்த செய்தியைச் சொன்னார். ஆசிரியர் நல்லவர், கேட்டு மகிழவும் செய்தார். ஆனால் 'அது தமிழ்த் துறைப் பொருள்' என்று கூறி அடுத்த தலைப்புக்குச் சென்றுவிட்டார். அவ்வொரு சொற்றொடரே இக்கட்டுரைக்கு வித்து.

இரு துறைகளுக்கு நடுவே

அச்சொற்றொடரில் உண்மை உண்டு. யவனர் என்ற சொல் அயோனியரைக் குறித்துப் பாரசீகர் வழியே இந்தியாவுக்கு வந்தது என்பர். அகநானூறு, புறநானூறு, முல்லைப்பாட்டு, நெடுநல்வாடை, பட்டினப்பாலைக் காலத்துத் துறைமுகச் செய்திகள் ஆகியவை தமிழ்த் துறையில் பயிலப்படுகின்றன. பிளினி, தாலமி, பெரிப்ளூசு ஆகியவை வரலாற்றுத் துறையில், பயிலப்பட்டால், பயிலப்படுகின்றன. கப்பல் ஒன்றே, புறப்பட்ட துறையை ஒரு துறையும் சேர்ந்த துறையை மற்றொரு துறையும் வைத்துக்கொண்டிருக்கின்றன.

இணைத்துப் பார்த்த அறிஞர் இல்லாமலில்லை. வி. கனகசபை தம் 'ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழர்' என்னும் ஆங்கில நூலை 1904இல் வெளியிட்டார். இராமானுஜன் எஃப்.ஏ. வகுப்பில் உரோம வரலாற்றோடு சேர்ந்து அமர்ந்த அதே ஆண்டு அது. அஞ்சல்துறையில் பணியாற்றிய கனகசபை, தமிழ்ச் சுவடிகளையும் பெரிப்ளூசு, பிளினி, தாலமி ஆகியோரின் குறிப்புகளையும் அருகருகே வைத்து எழுதினார். அவருடைய கால முடிவுகள் சில இன்று ஏற்கப்படுவதில்லை. ஆனால் எந்தப் பாடத்திட்டமும் அன்று நினையாததை அவர் செய்தார். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1939இல் 'தென்னிந்தியா பற்றிய அயலார் குறிப்புகள்' என்னும் தொகுப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியே வெளியிட்டார். மயிலை சீனி. வேங்கடசாமி தமிழர் வாணிகம் பற்றித் தமிழில் எழுதினார். கையில் கருவிகள் இருந்தன. அவை வகுப்பறைக்குள் வரவில்லை.

இன்று அக்கருவிகள் இன்னும் கூர்மையடைந்துள்ளன. வியன்னாவில் உள்ள முசிறிப் பாப்பிரசு 1985இல் பதிப்பிக்கப்பட்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கிரேக்க ஆவணம் முசிறி வணிகம் சார்ந்த ஒரு கடனைப் பற்றியது. 'ஹெர்மாபொல்லோன்' என்னும் கப்பலில் வந்த நறுமணத் தைலம், தந்தம், துணி ஆகியவற்றின் கணக்கு அதில் உள்ளது. சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 70 இலட்சம் எகிப்தியத் திரக்மா. உரோம எல்லையில் இறக்குமதி வரி நான்கிலொரு பங்கு. பேரரசின் செல்வம் ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்சு இந்தியாவுக்குச் செல்கிறது என்று பிளினி வருந்தியதை மிகைக்கூற்று என ஒதுக்கியவர்கள், ஒரே கப்பலின் இக்கணக்கைக் கண்டபின் தயங்க வேண்டியவராயினர். இதனைக் கற்பிக்கும் ஆசிரியர் உரோமின் வரிவிதிப்பு, நாணயம், கடன் ஒப்பந்தச் சட்டம் ஆகிய அனைத்தையும் ஒரு மிளகு மூட்டையிலிருந்தே தொடங்கி விளக்கவியலும்.

இவ்வாறு கூறுவதால் எல்லாத் தமிழ்ப் பெயரையும் கிரேக்க நூலில் தேடும் ஆர்வத்திற்கு இடந்தரலாகாது. தாலமி குறிப்பிடும் 'அர்காடோசு' என்பதை ஆர்க்காடாகக் கொண்டு, நம் வட ஆர்க்காடு தாலமிக்கே தெரிந்திருந்தது என்று எழுதினோர் உளர். தாலமியின் உரையில் அச்சொல் சோழ மன்னனின் தலைநகரைக் குறிக்கிறதா, மன்னனின் பெயரா என்பதே விவாதத்திற்குரியது. மூலநூலின் பாடத்தை ஆராயாமல் ஒலியொப்புமையை நம்பினால், இராதாகிருஷ்ணன் கிரேக்க மெய்யியலில் கண்ட சாயலைப் போலவே நாமும் காண விரும்புவதைக் காண்போம். நல்லதோர் அறிமுகப் பாடம் முதலில் பழக்க வேண்டியது இந்த ஐயுறவையே.

வேங்கடத்துக்கு வடகிழக்கே உள்ள ஒரு சான்றைக் கூறி நிறுத்தலாம். 1780களில் நெல்லூர்ப் பகுதியில் உழவர் ஒருவர் கற்பாங்கான சரிவில் உழுதுகொண்டிருந்தபோது ஏர் ஒரு செங்கற் கட்டடத்தில் தட்டியது. தோண்டியபோது சிறு கோயில் ஒன்றின் எச்சமும், அதன் கீழே ஒரு பானையும் வெளிப்பட்டன. பானை நிறைய உரோமப் பொற்காசுகள். டிராஜன், ஹாட்ரியன் முதலிய கி.பி. இரண்டாம் நூற்றாண்டு அரசர் காலத்தவை. வங்காள ஆசியக் கழகத்தின் ஆய்வுத்தொகுதியில் அச்செய்தி வெளிவந்தது. தென்னிந்தியாவில் உரோமக் காசு கிடைத்தது பற்றி அச்சேறிய தொடக்ககாலக் குறிப்புகளுள் அதுவும் ஒன்று. கோயிலின் அடியில் அப்பானையை வைத்தவர் யார், ஏன் வைத்தார் என்பன எவரும் ஆராயாத வினாக்கள். உழவர் காசுகளைப் பழைய பொன்னாக எண்ணி விற்றுவிட்டார். முப்பதுக்குச் சற்றுக் கூடுதலானவை மட்டுமே ஆர்க்காட்டு நவாபின் குடும்பத்தார் கைக்கு மீண்டன, எஞ்சியவை உருக்கப்பட்டன.